நனைந்த கை

"மாமி, கையைக் காட்டுங்கோ."

அன்னபாக்கியம் வலது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மீன்தொட்டியின் மூடி கீழே கிடந்தது.

கதிர்காமநாதனின் காலை எப்போதும் ஒன்றுதான். எழும்புவான். பல் தீட்டுவான். இரண்டு பிளாஸ்டிக் கான்களோடு ரயில் பாதையைக் கடந்து வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போவான். தண்ணீர் அள்ளுவான். திரும்பும்போது காவலரணில் நிற்கும் சென்ட்ரி அடையாள அட்டையைப் பார்ப்பான். கானுக்குள் இருப்பதைக் குடித்துக் காட்டச் சொல்வான். இவன் ஒரு வாய் குடித்துக் காட்டுவான். வீட்டுக்கு வந்து கடல்மீன் தொட்டியில் ஊற்றுவான். மீன்களுக்குத் தீனி போடுவான். வேலைக்குப் போவான். மனைவி அருந்ததி இருந்தபோதும் இப்படித்தான். பஸ் ஒன்றில் வெடித்த குண்டில் அவள் போன பிறகும் இப்படித்தான்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. வாசலில் விடைபெறும்போது "போட்டு வாறன்" என்று சொன்னாள் என்றான். அதைக் கேட்டு அவளுடைய தாய் அன்னபாக்கியம்தான் அதிகம் அழுதார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் பாதை மூடியதால் இங்கேயே தங்கிவிட்டார்.

இன்றைக்குச் சென்ட்ரி கரைக்குப் போக விடவில்லை. வெறும் கான்களோடு நேரத்துக்கே திரும்பியதில்தான் மாமியாரைப் பிடித்தான்.

"முதல்ல நீலக் குஞ்சுகள். பிறகு மஞ்சள். இப்ப அருந்ததி தெரிஞ்செடுத்த செம்மஞ்சள் சோடியில ஒண்டைக் காணேல்லை. மூடி இருக்கு, துள்ளி விழ ஏலாது. பில்டரையும் கழட்டிப் பாத்தனான். பூனையும் இல்லை. வீட்டில நீங்களும் நானும்தான்."

"நான் மீன் மச்சம் விட்டு எத்தினை வருஷம்! களவெடுத்து என்ன, குழம்பே வைச்சனான்?"

"பகிடி விடாதேங்கோ. வந்த அண்டைக்கே சொன்னீங்கள், செத்த வீட்டில மீனுக்கென்ன சாப்பாடு எண்டு."

"சொன்னனான்தான். பெண்சாதியைப் பறிகுடுத்த மனுசன் மீனுக்குத் தண்ணி சுமந்தா வேற என்னத்தைச் சொல்லுறது?"

"அவள் வைச்சிட்டுப் போனது இதுகள்தான். இதுகளையும் முடிச்சிட்டீங்கள்."

"நான் ஒண்டையும் தொடேல்லை, தம்பி."

"அப்ப ஏன் கையை விட்டனீங்கள்?"

அன்னபாக்கியம் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி. பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் விடுறன். உங்கட தங்கச்சி வீட்டில இருங்கோ. பொலிஸ் பதிவில உங்கட பேரையும் வெட்டுறன்."

"வெட்டுங்கோ. நான் போன பிறகு பொலிஸ் வந்து தேடினா, அதுக்கும் நீங்களே பதில் சொல்லுங்கோ."

"எதுக்குப் பதில்?"

"கத்தாதேங்கோ, மேல்வீட்டுக்குக் கேக்கும்." அவர் போய் ஜன்னலைச் சாத்தினார். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "அதை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்?"

"எதை?"

"குண்டை."

கதிர்காமநாதனின் கையிலிருந்து கான் விழுந்தது.

"தொட்டிக்குள்ள டிக் டிக் எண்டு அடிக்குது. நீங்கள் கடலுக்குப் போற நேரம் பாத்து ஒவ்வொரு நாளும் தேடுறன். கைக்குத் தட்டுப்படுதில்லை."

"உங்களுக்கு விசரே! குண்டிலதான் என்ர மனுசியே போனவள்!"

"நாள் முழுக்க வாய் திறக்காத மனுசர். விடிய எழும்பிக் கான் சுமக்கிறார். நான் என்னத்தை நினைக்கிறது?"

"அப்படி நினைச்சா ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா உங்களையும் கொண்டுபோயிடுவாங்கள்." அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

கதிர்காமநாதன் கண்ணாடியில் காதை வைத்தான். முதலில் மோட்டார் இரைச்சல். அதற்குள் ஒரு டிக். இன்னொரு டிக். மஹ்ரூப் நானாவின் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய பெரிய பவளக்கல்லின் பக்கமிருந்து வந்தது. அருந்ததி இருந்தபோது வாங்கிய கல்.

கல்லைத் தூக்கி வாளியில் போட்டான். அதன் துளைக்குள் குழாய்த் தண்ணீரை ஊற்றினான். உப்பில்லாத தண்ணீர் பொறுக்காமல் உள்ளிருந்து ஒன்று வழுக்கி விழுந்தது. விரல் நீளம். பச்சை. இறால் போன்ற உடம்பு. முன்னங்கால்கள் கும்பிட்டதுபோல மடிந்திருந்தன. அது காலை விசிறி வாளியில் அடித்தது. டிக். அதன் பின்னாலேயே செம்மஞ்சள் மீன்செட்டை ஒன்று மிதந்து வந்தது.

"இதுவோ?" என்றார் மாமியார்.

"இதுதான். கல்லுக்குள்ளயே இருந்து பிடிச்சுத் திண்டிருக்கு."

அன்னபாக்கியம் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "இந்த இறாலுக்குப் பயந்தே நான் நித்திரை இல்லாமல் கிடந்தனான்?"

கதிர்காமநாதன் சுத்தியலை எடுத்தான். ஓங்கினான். அடிக்கவில்லை.

"அருந்ததி இருந்திருந்தா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பாள்" என்றார் அன்னபாக்கியம். "அவளுக்குச் சின்னனிலயே நாய்க்காது. கேட்டிருந்தா சொல்லாமல் விட்டிருக்க மாட்டாள். பாவி, போட்டு வாறன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போயிட்டாள்."

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அன்று காலை வாசலில் அவன்தான் சொன்னான், பஸ்ஸில் ஏறினால் சீற்றுக்கு அடியில் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லி. அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

"சீற்றுக்கு அடியில நான் பாக்கிறன்; நீங்கள் முதல்ல உங்கட தொட்டிக்குள்ள பாருங்கோ, அங்கதான் டிக் டிக் எண்டு கேக்குது."