பழைய பேஷண்ட்

“புது பேஷண்ட்னா ஐந்நூறு ரூபா. எடுங்க.”

கவுண்ட்டரில் ஆறுமுகத்தாய் நிமிராமல் சொன்னதும் பீவி பர்ஸைத் திறந்துவிட்டாள். ஃபர்ஸானாவுக்குச் சுருக்கென்றது.

“மாமி, கொஞ்சம் இருங்க. யாரு புது பேஷண்ட்?”

தாராவி தொண்ணூறடி ரோட்டில் அந்த கிளினிக் திறந்த நாளிலிருந்து பீவியின் சர்க்கரைக்கு அங்கேதான் வைத்தியம். மகன் அஸாருதீன் கூட்டி வருவான். போன மழையில் வடாலா பக்கம் பைக் சறுக்கி அவன் போய்ச் சேர்ந்தபின் பீவி மருந்தையே மறந்துபோனாள். காலில் புண் ஆறாமல் வாடை அடிக்கத் தொடங்கவும், பக்கத்து வீட்டு ஃபர்ஸானா இன்று லா காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு அவளை இழுத்து வந்திருக்கிறாள். லெதர் பைகளுக்கு லைனிங் தைத்துப் பிழைக்கிறவளிடம் ஐந்நூறா?

“பழைய பேஷண்டுக்கு இருநூறுதானே அக்கா? போர்டுலயே போட்டிருக்கு.”

“இவங்க பேர்ல ஃபைல் கெடையாது புள்ள. புதுசாத்தான் போடணும்.”

“இத்தனை வருஷம் வந்தவங்களுக்கு ஃபைல் இல்லையா? அப்ப டாக்டர் யாருக்கு ஊசி போட்டாரு, காத்துக்கா?”

ஆறுமுகத்தாய் பீவியை ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். “தங்கச்சி, நீ மட்டும் இந்தப் பக்கம் வா. சொல்லுதேன்.”

“எதுக்குத் தனியா? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க.”

வரிசையில் நின்ற ஒருத்தர், தன்னிடமும் இப்படித்தான் கறந்தார்கள் என்றார். படித்த பெண் கூட வந்தால்தான் ஏழைக்கு நியாயம் கிடைக்கிறது என்றாள் இன்னொரு அம்மாள். ஃபர்ஸானாவுக்கு அது போதும். கன்ஸ்யூமர் கோர்ட் வரைக்கும் போவேன் என்றாள். ஃபைல் இல்லை என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். பீவி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, கொடுத்துவிட்டுப் போவோம் என்று கெஞ்சியது காதில் ஏறவே இல்லை.

“பழசுதானே வேணும்?” ஆறுமுகத்தாய் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். “சரி. இருநூறு குடு.”

ஜெயித்தாகிவிட்டது. பீவியைப் பெஞ்சில் உட்கார வைத்து, எவன் ஏமாற்றினாலும் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று ஃபர்ஸானா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அறைக் கதவு திறந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த கம்பவுண்டர் தலையை நீட்டி, ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

“அஸாருதீன்... அஸாருதீன், ஜல்தி வாங்க.”

பீவி சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

திரும்பிய முகம் திரும்பியபடியே இருந்தது.

ஆறுமுகத்தாய் கவுண்ட்டரை விட்டு வந்து ஃபர்ஸானா பக்கத்தில் குனிந்தாள். திட்டவில்லை.

“இங்க ஒரு வீட்டுக்கு ஒரு ஃபைலுதான். யாரு தொறந்தாங்களோ அவங்க பேரைத்தான் கூப்புடுவாங்க. அதுல பேரை மாத்த கம்ப்யூட்டர் விடல. புதுசாப் போட்டா இனிமே அம்மா பேரையே கூப்புடுவாங்கன்னு நெனச்சேன். அவங்கள வச்சுக்கிட்டு இத எப்படிச் சொல்ல?”

கம்பவுண்டர் பொறுமையிழந்தார்.

“அஸாருதீன் வந்தாச்சா இல்லையா?”

பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பெஞ்சின் விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

“அவன் வரல தம்பி. நான்தான் வந்திருக்கேன்.”