மல்லாந்த கை

வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு மாறி வந்த நர்ஸ், தேய்த்துக் கழுவிய கைகளில் கையுறை மாட்டி, எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து நிற்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது. மேசையில் படுத்திருக்கும் அம்மாள் வார்டில் அவள் பார்த்துக்கொண்டவர்தான். தேறமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். முகமூடிக்கு மேலே கண்ணைப் பார்த்தே அவர் அவளை அடையாளம் கண்டுவிடுகிறார். "நீங்களா சிஸ்டர்? இப்பதான் உயிரே வந்துச்சு. கையைப் பிடிச்சுக்கோங்க." யோசிக்காமல் பிடித்துவிடுகிறாள். "தொட்டுட்டீங்களா? போங்க, மறுபடி கழுவிட்டு வாங்க. இது வார்டு இல்ல," என்று டாக்டர் எரிந்து விழுகிறார். முழங்கையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கழுவி, புதுக் கையுறையோடு வருவதற்குள், மயக்க மருந்தில் ஆழ்ந்துவிட்ட அம்மாளின் முகத்தைப் பச்சைத் துணி மறைத்துவிடுகிறது. மருந்து பூசிய வயிறு ஒரு சாண் மட்டும் வெளிச்சத்தில் தெரிகிறது. துணியோரம் அந்தக் கை, விரல்கள் பாதி மடங்கி, மல்லாந்தே கிடக்கிறது. "கத்தி," என்று டாக்டர் தன் கையை நீட்டுகிறார். நீட்டிய கையில் வைக்கிறாள்.