ஒரேயொரு இடம்

“‘கொண்டு வாறான்’ எண்டதைப் பழைய ஐரிஷிலை சொல்லும்.”

“தொ பேர்.”

“கொண்டு வரேல்லை?”

“நீ தவிர்,” என்றாள் மெற்றில்டா.

‘இல்லை’ என்று பொருள்படும் ‘நீ’ முன்னால் வந்ததும் வினைச்சொல்லே உருமாறிப்போகும் மொழி அது. ஆர்ச்வேயில் சுரங்க ரயில் ஏறியதிலிருந்து கணவன் பெனடிக்ற் இப்படித்தான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தான். எதிரே இருந்தவர்கள் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்கள். இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

அது 1993ஆம் ஆண்டு மே மாதம். லண்டன் கல்லூரி ஒன்றில் பழைய ஐரிஷ் மொழிக்கு நிரந்தர விரிவுரையாளர் ஒருவர் தேவைப்பட்டார். ஒரேயொரு இடம். இனி இப்படி ஒன்று எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது.

மெற்றில்டா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினொரு வருடம். முதலில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஷிப்ட் வேலை. சும்மா சேர்ந்த மாலை வகுப்பில் அந்த மொழி அவளைப் பிடித்துக்கொண்டது. ஆயிரத்திருநூறு வருடங்களுக்கு முன் துறவிகள் லத்தீன் வேதாகமத்தின் வரிகளுக்கிடையே பொடி எழுத்தில் எழுதிவைத்த ஐரிஷ் குறிப்புகளை ஆராய்ந்து டொக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். இதை வைத்து என்ன செய்யப் போகிறாய், கணக்கியல் படித்திருக்கலாமே என்று உறவினர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பெனடிக்ற் மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நேர்முகத் தேர்வு அறையின் வாசலில் அவளை நிறுத்தி, “அவசரப்படாதேயும். தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லும். அந்தக் குறிப்புகளை உம்மளவுக்கு வாசிச்ச ஆள் உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை,” என்றான்.

முக்கால் மணி நேரம் போனது. பெனடிக்றுக்கு வாங்கில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சன்னல் வரை போவதும் திரும்புவதுமாக இருந்தான்.

கதவு திறந்தது. மெற்றில்டா அரை ஓட்டமாக வந்து அவன் கையைப் பிடித்தாள். அவளுடைய முகம் மலர்ந்திருந்தது.

“நான் சொன்னதை ஒரு பேராசிரியர் எழுதி எடுத்தவர். நல்லாப் போச்சுது. கடைசிக் கேள்விக்குத்தான் கொஞ்சம் தடுமாறிப்போனன். என்ன கேட்டவை தெரியுமே...”

“சொல்லாதேயும்.”

“ஏன், கேட்டால் என்ன?”

“வேண்டாம். வீட்டை போய்க் கேக்கிறன்.”

அவள் விடவில்லை. மறுபடியும் சொல்ல வாயெடுத்தாள். அவன் சிரித்தபடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

அப்போது செயலாளர் பெண் பட்டியலோடு வெளியே வந்து அடுத்த விண்ணப்பதாரரை அழைத்தாள்.

“டொக்டர் பெனடிக்ற் ஞானரட்ணம்.”

பெனடிக்ற் காதிலிருந்து கைகளை எடுத்துவிட்டு உள்ளே போனான்.