நாங்களே பரிமாறுகிறோம்

ரொட்டிக் கூடைக்குள் நுழைந்த கையை ஆர்னெல் இடுக்கியால் லேசாகத் தட்டினான். கை பின்வாங்கியது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார், இனிமே எதையும் நீங்க தொடக்கூடாது. வேணுங்கிறதைச் சொல்லுங்க, நான் எடுத்து வைக்கிறேன்."

"ஒரு பன்னு எடுத்துக் குடுக்க ஒரு ஆளா? அஞ்சு நாளா நானேதானே எடுத்துக்கிட்டிருந்தேன்!" என்றார் டில்லி. எழுபது வயது அமெரிக்கர், எட்டாம் தளத்து அறைக்காரர்.

"அதெல்லாம் முந்தி சார். உங்களுக்கு முன்னாடி இன்னும் ஆறு பேர் நிக்கிறாங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி விருந்து என்றால் இந்த உல்லாசக் கப்பலில் தட்டு கொள்ளாமல் அள்ளுவார்கள். வாந்திபேதி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. எண்பது பேர் படுத்துவிட்டார்கள். ஏழாம் தளத்து அம்மாள் ஒருத்தி முந்தாநாள் போயே சேர்ந்துவிட்டாள்.

பயணிகளின் கைதான் நோயைப் பரப்புகிறது என்றார் கப்பல் டாக்டர். அன்றிலிருந்து இரண்டு பேர் பார்த்த வேலைக்கு எட்டுப் பேர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கையுறையும் சிரிப்புமாக நின்று பரிமாற வேண்டும். பயணியோ வேலையாளோ, யாருக்கு வயிறு கெட்டாலும் நாற்பத்தெட்டு மணி நேரம் அறையில் பூட்டு.

"தம்பி, சீக்கிரம் ஏதாவது குடு. நாளைக்கு பார்படோஸ்ல என் பொண்ணுக்குக் கல்யாணம். நாப்பத்திரண்டு வயசுல இப்பதான் சரின்னிருக்கா. அவ மனசு மாறுறதுக்குள்ள கையைப் பிடிச்சுக் குடுத்தாகணும்."

"அதுக்குள்ள மாப்பிள்ளை மனசு மாறாம இருக்கணும் சார்," என்றான் ஆர்னெல். கிழவர் சிரிக்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார், கையுறை மாத்திக்கிட்டு வந்துடறேன்." உள்ளே போனவன் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தான். அன்று காலையில் அது மூன்றாவது ஜோடி. சுத்தம் என்றால் ஆர்னெல் என்று எல்லோரும் சொல்வார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் டில்லி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. உதடு வெளுத்திருந்தது.

மேற்பார்வையாளர் எஃப்ரென் அந்தப் பக்கமாக வந்தார். இங்கே பரிமாறும் நாங்கள் எல்லோரும் ஒரே தீவு நாட்டுக்காரர்கள்; எங்கள் ஊரில் மூத்தவரை, அண்ணன் என்பதுபோல், 'கூயா' என்போம். கப்பலில் எங்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் கூயா. வந்தவர் பயணிகளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"எவனாவது மறைக்கிறானா பாருடா. ஒருத்தன் போதும், கப்பலையே கவுத்துடுவான். யாராவது சிக்கினாங்களா?"

ஆர்னெலின் ஒரு கையில் தட்டு, மறுகையில் இடுக்கி. எங்கள் ஊர் ஆட்களுக்கு ஆளைக் காட்ட விரல் எதற்கு? உதடே போதும். உதட்டைக் குவித்து டில்லி நின்ற திசையில் நீட்டினான்.

ஒரே நிமிடத்தில் முகமூடி போட்ட இருவர் வந்து கிழவரின் இரு கைகளையும் பிடித்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா! பசி, அவ்வளவுதான்! தம்பி, நீயாவது சொல்லு! நாளைக்குக் கல்யாணம்யா!"

ஆர்னெல் முட்டைப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். வரிசை இரண்டடி விலகியது. பிறகு அவர் நின்ற இடத்தையும் நிரப்பிக்கொண்டு முன்னால் நகர்ந்தது.

முதல் பந்தி முடிந்து கதவைச் சாத்தும் நேரத்தில் நர்ஸ் வந்தாள்.

"நீங்க பிடிச்சுக் குடுத்தீங்களே, அவருக்கு வாந்தியும் இல்ல, பேதியும் இல்ல. சர்க்கரைக்காரர். வெறும் வயித்தோட முக்கால் மணி நேரம் வரிசையில நிக்க வச்சிருக்கீங்க. சர்க்கரை இறங்கிடுச்சு. ஒரு கிளாஸ் ஜூஸ் குடிச்சதும் எந்திரிச்சு உக்காந்துட்டார்."

"அப்ப விட்டுடுங்களேன்!" என்றான் ஆர்னெல்.

"எப்படி விடறது? பேரு பட்டியல்ல ஏறிடுச்சு. நாப்பத்தெட்டு மணி நேரம் கழிச்சுத்தான் பூட்டைத் திறப்பாங்க. பாவம், உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கிட்டே இருக்கார்."

அவள் போய்விட்டாள். ஆர்னெல் இடுக்கியைக் கீழே வைத்தான். எட்டு வருடக் கப்பல் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறான். இந்த அளவுக்கு அவன் வெட்கப்பட்டதில்லை.

எஃப்ரெனைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனான்.

"கூயா, எப்படியாவது பேசி அந்தப் பெரியவரை வெளிய விடச் சொல்லுங்க. என்மேல யார் கண்ணும் படக்கூடாதுன்னுதான் அவரைக் காட்டிக் குடுத்தேன்."

"உன்மேல எதுக்குடா கண்ணு படணும்?"

"நேத்துலேர்ந்து எனக்குத்தான் கூயா வாந்தியும் பேதியும். சொன்னா அடுத்த ஒப்பந்தத்துக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு மறைச்சுட்டேன். வேலை போனாப் போகட்டும். என்னைக் கொண்டுபோய்ப் பூட்டுங்க."

எஃப்ரென் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே இரண்டாம் பந்திக்கு முந்நூறு பேர் காத்திருக்கும் சத்தம் கேட்டது. அவர் ஆர்னெலின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"தெரியும்டா. எட்டுப் பேர்ல உன்னையும் சேர்த்து ஆறு பேருக்கு அதேதான். சிரிச்ச முகமா போய்க் கதவைத் திற."