ஒன்பதாம் நம்பர்

காருக்குள் அந்த மேல் சுரம் மறுபடியும் உடைந்தது. லோர்னா ட்ரம்பெட்டை மடியில் இறக்கி, உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சூப்பர்மார்க்கெட் வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியோடு போனவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அபார்ட்மென்ட்டில் வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார். அதனால் இந்தக் கார்தான் அவளுக்குச் சங்கீத அறை.

பக்கத்து சீட்டில் அவள் கணவன் வால்ட் டோனட்டைக் கையில் வைத்தபடி தினமும் பொறுமையாகக் கேட்பான். இன்று பொறுமை தீர்ந்துவிட்டது.

“அம்பத்தெட்டு வயசுல இதெல்லாம் தேவையா லோர்னா? அங்க வர்றதெல்லாம் நம்ம பையன் வயசுப் பசங்க.”

“வரட்டுமே. அவங்களுக்கும் ரெண்டு உதடுதான்.”

வால்ட் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊர் ஆர்கெஸ்ட்ராவில் முதல் ட்ரம்பெட் இடம் காலி. அந்த ஒரு இடத்துக்கு நாடு முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். லோர்னாவிடமோ, உங்கள் உதடு தேய்ந்துவிட்டது, மெல்லிய சுரம் இனி வராது, வீட்டில் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுங்கள் என்று பெரிய மனிதர் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அவளுக்குப் பேரப்பிள்ளைகளே கிடையாது. கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

அன்று பிடித்த பிடிவாதம். ஆடிஷனில் கேட்கும் கஷ்டமான துண்டுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாள். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வாயை மூடிக்கொண்டிருக்க ட்ரம்பெட் மட்டும் தனியாகப் புறப்பட வேண்டிய தொடக்கம். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் வேகத்தில் ஓடும் ஒரு பகுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, உச்சிக்குப் போய் மூச்சு விடுவதுபோல் மெல்லமாக நிற்க வேண்டிய அந்த ஒரு சுரம். குளிர்காலம் முழுக்க அது உடைந்துகொண்டே இருந்தது. அவளும் விடுவதாக இல்லை.

ஆடிஷன் அன்று, பெயரைப் பார்த்த ஆபீஸ் பெண் ஒரு கணம் நிமிர்ந்து லோர்னாவைப் பார்த்தாள். வந்திருப்பது யார் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. ஒன்பதாம் நம்பர் எழுதிய அட்டையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

மேடைக்குக் குறுக்கே கனத்த திரை. அதற்கு அந்தப் பக்கம் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் ப்ரூயிட்டும் தேர்வுக் குழுவும். வாசிப்பது ஆணா பெண்ணா என்று நடைச் சத்தத்தில்கூடத் தெரியக் கூடாதென்று கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்துக்கு அடியில் ஒரு பலகை கிறீச்சிடும். லோர்னா அதைத் தாண்டிக் காலை வைத்தாள்.

சுற்றுக்குச் சுற்று ஆட்கள் குறைந்தார்கள். திரை மட்டும் அப்படியே இருந்தது. கடைசிச் சுற்றில் கடைசியாக வாசித்தது லோர்னா.

“ஒன்பதாம் நம்பர், அந்த மேல் சுரத்தை இன்னும் மெல்லமா வாசிங்க” என்றது ப்ரூயிட்டின் குரல். வாசித்தாள்.

“இன்னும் மெல்லமா.”

பதில் பேசக் கூடாது என்பதும் விதி. நல்லவேளை, பேசியிருந்தால் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது. காரில் உடைந்தவரைக்கும் போதும் என்று நினைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தாள். சுரம் உச்சிக்குப் போய் நின்றது. நூல் பிசகாமல் நின்றுகொண்டே இருந்தது.

திரைக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். பிறகு குசுகுசுவென்று பேச்சு. வேறு யாரையும் மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் சம்மதம் என்று முடிவானது.

“இந்த மாதிரி ஒரு உதட்டைத்தான் தேடிட்டிருந்தேன்” என்றார் ப்ரூயிட். “ஆள் யாருன்னு பார்க்கலாம்.”

திரை விலகியது. கையை நீட்டியபடி வேகமாக வந்த ப்ரூயிட் பாதி வழியிலேயே நின்றுவிட்டார். குழுவில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

லோர்னா ட்ரம்பெட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையை நீட்டினாள்.

“போன ஜூன்ல நீங்க என்னை எழுந்திரிக்கச் சொன்னீங்களே, அதே நாற்காலிதானே சார்?”