பிஸ்டலுக்குப் பசி

“பிஸ்டலில பிழை எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க தங்கச்சி. கண்ணில பிழை எண்டு சொல்லுங்க, காத்தில பிழை எண்டு சொல்லுங்க, நான் கேட்டுக்கொள்ளுறன்.”

சார்ஜன்ட் சரிபுதீனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருந்தது. பொலிஸ் ஆயுதக் களஞ்சியம் அவருடைய பொறுப்பு. எருக்கலம்பிட்டியில் தன் வீட்டுக் கண்ணாடி அலுமாரியைக்கூட மனுஷன் இப்படித் துடைத்ததில்லை என்று மனைவி றிப்காவே குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அப்படித் துடைத்து எண்ணெய் போட்ட பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொன்ஸ்டபிள் டினோஜா, “சேர், இது கீழதான் சுடுது” என்று சொல்லிவிட்டாள்.

சுடுபயிற்சித் திடலில் எதிரே நின்ற இலக்கு அட்டை அவளுக்குச் சாட்சி. நடுவிலிருந்த கறுப்பு வட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. துளைகளெல்லாம் அதற்குக் கீழே கூட்டமாகக் கிடந்தன.

டினோஜா பேசாலைக்காரி. கொழும்பில் நடக்கும் பொலிஸ் துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு இங்கிருந்து ஒரேயொரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். அந்த இடத்தில் அவளுக்குக் கொள்ளை ஆசை. தாய் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்ததோடு நில்லாமல், மகள் கொழும்புக்குக் கொண்டுபோகப் புதுப் பையும் வாங்கி வைத்துவிட்டாள். இன்று பின்னேரம் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போதும் குண்டு கீழே போனால், டினோஜாவின் பெயரை வெட்டிவிடுவார்கள்.

சரிபுதீன் பிஸ்டலை வெடுக்கென்று வாங்கினார். திடலுக்குள் நுழைந்த கழுதையை யாரோ விரட்டிவிடும்வரை பொறுத்திருந்து, அடுத்தடுத்துச் சுட்டார். எல்லாம் நடு வட்டத்தில் இறங்கின.

“இப்ப சொல்லுங்க. பிஸ்டலில பிழையா?”

“இல்லை சேர். அப்ப பிழை என்னிலதான்.”

அதைக் கேட்டதும் அவருடைய கோபம் போன இடம் தெரியவில்லை. இந்தப் பிள்ளை போகாவிட்டால் தனக்கும் இரவு சோறு இறங்காது என்று அவருக்குத் தெரிந்தது.

“பொறுங்க, ஒரு வேலை செய்வம்” என்றார். மகசீனில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி ஒன்றை அவளுக்குத் தெரியாமல் செருகினார். இருவரும் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். அவள் சுடச் சுட, அவர் பின்னால் நின்று பிஸ்டலின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்மியின் முறை வந்தபோது வெடி இல்லை, புகை இல்லை. முனை மட்டும் தன்பாட்டில் கீழே இறங்கி எழுந்தது.

“பிடிச்சிட்டன்” என்றார் கவசத்தைக் கழற்றி. “வெடிக்கிறதுக்கு முதலே கையை இறக்கிறீங்க. சத்தத்துக்குப் பயமா?”

“எனக்கோ? எங்கட கோயில் பெருநாளுக்கு வெடி கொளுத்துறதே நான்தான் சேர்.”

“அப்ப ஏன் கை இறங்குது?”

“இறங்கிறதே எனக்குத் தெரியேல்லை.”

பிடியை மாற்றச் சொன்னார். மூச்சை அடக்கச் சொன்னார். விசையை மெல்ல இழுக்கச் சொன்னார். சொன்னதையெல்லாம் அவள் தட்டாமல் செய்தாள். குண்டுதான் சொல்வழி கேட்கவில்லை. கடைசியில் சரிபுதீன் அவள் முகத்தைப் பார்த்தார். வாடிப்போய் இருந்தது.

“காலமை என்ன சாப்பிட்டீங்க?”

“பதட்டத்தில ஒண்டும் இறங்கேல்லை சேர்.”

“மத்தியானம்?”

“அதுவும் அப்பிடித்தான்.”

“யா அல்லாஹ். பசியில கை சோர்ந்தா பிஸ்டல் இறங்காம என்ன செய்யும்?” காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு துண்டு புளுக்கொடியலை எடுத்தார். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு அது. விறகு மாதிரி இருக்கும், எவ்வளவு சப்பினாலும் லேசில் மசியாது. “இதை வாயில போடுங்க. தெம்பு வரும்.”

அவள் போட்டதுதான் தாமதம், ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் அமிர்தநாயகம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கி, புது அட்டை மாட்டச் செய்து, “தொடங்கும்” என்றார். டினோஜாவுக்குத் துப்பவும் வெட்கம், விழுங்கவும் வழியில்லை. ஒரு பக்கக் கன்னம் புடைத்தபடி நின்று சுட்டு முடித்தாள்.

அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்த சரிபுதீன் பாதி தூரத்திலிருந்தே சிரிக்கத் தொடங்கிவிட்டார். நடு வட்டம் சல்லடையாகியிருந்தது. கீழே ஒரு துளைகூட இல்லை.

“டினோஜா, கொழும்புக்கு வெளிக்கிடும்” என்றார் இன்ஸ்பெக்டர். “போன முறையெல்லாம் நிலத்தைத்தானே சுட்டனீர்? சார்ஜன்ட், பிள்ளைக்கு என்ன மருந்து குடுத்தனீங்கள்?”

“பசி சேர், வேற ஒண்டுமில்லை.” சரிபுதீனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “நான் பார்த்த உடன பிடிச்சிட்டன். ஒரு துண்டு புளுக்கொடியல், கை நிமிர்ந்திட்டுது.”

டினோஜா ஒருவழியாக மென்று விழுங்கினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது.

“பசி இல்லை சேர். எனக்கும் இப்பதான் விளங்குது. வாய்க்குள்ள சாப்பாட்டை வைச்சுக்கொண்டு அதைச் சொல்லக்கூடாதெண்டு, இண்டைக்கு மட்டும் சொல்லாமச் சுட்டனான்.”

“எதைச் சொல்லாம?” என்றார் சரிபுதீன்.

“ஒவ்வொருக்காலும் விசையை இழுக்கேக்க ஒண்டு சொல்லுறனான், இப்பிடி.” அவள் வெறுங்கையைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் நேரே நீட்டினாள். “யேசுவே.”

அந்தப் பெயர் வாயிலிருந்து வந்ததுமே, கோயில் பூசையில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் வணங்கிக் குனிவது போலவே அவள் தலை தானாகக் குனிந்தது, நீட்டிய கையும் கூடவே ஒரு விரற்கடை இறங்கியது. எதிரே நின்ற இன்ஸ்பெக்டர் அமிர்தநாயகத்தின் தலையும், தொப்பியோடு சேர்ந்து, தாழ்ந்து எழுந்தது.