ஒரே ஒரு பாதுஷா

"மாஸ்டர், அந்தக் கண்ணாடிக்காரர் இன்னிக்கும் வந்துட்டாருய்யா!"

அடுப்படிக்குள் தலையை நீட்டிய முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. கடை வாசலில் அவர் படத்தோடு பெரிய போர்டு: 'பரம்பரை பாதுஷா மன்னர். சுத்தமான நெய்.' படத்தில் கிரீடம்கூட இருந்தது. கடையில் நெய்தான் இல்லை.

ஒரு வாரமாக இதே கூத்து. கண்ணாடிக்காரர் வந்து ஒரே ஒரு பாதுஷா கேட்பார். பிட்டுக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். முகர்வார். வாயில் மட்டும் வைக்கமாட்டார். தலையை ஆட்டிவிட்டு, காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

"சாம்பிள் எடுக்கிறாரு மாஸ்டர். கடைக்குப் பூட்டு போடாம ஓயமாட்டாரு."

"விக்காததையே திரும்பத் திரும்பப் பாகுல முக்கி வைக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"வாயை மூடுய்யா. நாளைக்கு நிஜமாவே பாதுஷா போடு."

"நிஜமாவேன்னா?"

"நெய்யிலய்யா!"

மறுநாள் மாஸ்டர் மைதாவில் நெய்யும் தயிரும் விட்டு, அழுத்தாமல் பிசைந்து ஊறவைத்தார். உருட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. அதிகம் காயாத நெய்யில் போட்டு, தீயைத் தணித்தே பொன்னிறமாக வேகவிட்டு, வெதுவெதுப்பான பாகில் நனைத்தார்.

முதலாளி ஒன்றைப் பிட்டார். உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்தது.

"அடேயப்பா! பாதுஷான்னா இதானா?" என்றார் பரம்பரை மன்னர்.

கண்ணாடிக்காரர் வந்தார். பிட்டார், முகர்ந்தார். முகம் சுண்டிப்போயிற்று. மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலமே கடுகடுவென்று திரும்பி வந்தார்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

முதலாளி ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். எந்த ஆபீஸ்னு சொன்னீங்கன்னா, நானே நேர்ல வந்து..."

"ஆபீஸா? நான் மார்க்கெட் பக்கம் கடிகாரம் ரிப்பேர் பண்றவன்யா. வீட்டுக்காரிக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு வேணும்னு அடம்பிடிப்பா. உங்க பாதுஷாவுல ஒரு விள்ளல் கொடுத்தா, அன்னிக்குப் பூரா இனிப்புங்கற பேச்சே எடுக்கமாட்டா. பழசுதானான்னு முகர்ந்து பார்த்துத்தான் தினமும் வாங்கிட்டுப் போவேன். இன்னிக்குப் புதுசுன்னு தெரிஞ்சும், வெறுங்கையோட போகமுடியாம வாங்கிட்டுப் போனேன். என்னடான்னா, முழுசையும் தின்னுட்டு இன்னொண்ணு கேக்கிறா!"

அவர் கல்லாப் பக்கம் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"உள்ள பழைய சரக்கு ஏதாவது மிச்சம் இருக்கா?"